பெயரும் மரபும்: ‘பைரூஸ்’ என்னும் பெயர் பற்றிய ஓர் ஆராய்ச்சி

கண்டியிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் பெருவீதி அக்குறணையைக் கடந்த பின்னர் அலவத்துகொடவை அடைகின்றது. சிங்களவரும் முஸ்லிம்களும் தமிழரும் அயலவராய் வாழும் மலைநாட்டு ஊர்களுள் அதுவும் ஒன்று. அத்தகைய ஊரின் கடைத்தெருவில் விஜய, வெற்றிவேல், பைரூஸ் என்னும் பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாய்க் காதில் விழுதல் வியப்பன்று. முதலிரு பெயர்களின் பொருளையும் தமிழறிந்தோர் கேட்டமாத்திரத்தே உணர்வர். மூன்றாவதன் பொருள் யாது? அப்பெயரைத் தாங்கியவரின் தாய்மொழி தமிழ், சமயம் இசுலாம். ஆதலின் அஃது அரபுப் பெயரே என விடை கூறுவோர் பலர். ‘பெயர் அரபு; ஆகவே பெயருடையாரின் முன்னோரும் அரபியர்’ என்று மேலும் ஒருபடி செல்வாரும் உளர். முன்னைய விடை பிழை. பின்னைய முடிவு அதனினும் பெரும் பிழை.

இப்பிழை ஒரு பெயரளவில் நிற்பதாயின் அதனைப் பொருட்படுத்த வேண்டுவதில்லை. பெயரொன்றைக் கேட்ட அளவிலே, அதனை உடையாரின் குலம் இது, சமயம் இது, பற்று இது என்று தீர்த்துவிடும் வழக்கம் வரலாற்று நூலாரிடத்தும் உண்டு, தெருவிலும் உண்டு. நூலாரிடத்து அது பொய்யான வரலாற்றைப் பிறப்பிக்கும். தெருவில் அது மனிதரின் உடைமைக்கும் உயிருக்கும் ஊறு விளைக்கும். பெயர் எதற்குச் சான்றாகும், எதற்குச் சான்றாகாது என்பதைத் தெளிதற்கு, ‘பைரூஸ்’ என்னும் இவ்வொரு பெயரின் வரலாறே போதியதாகும்.

சொல்லின் பிறப்பு

பைரூஸ், பிரோஸ், பெரோஸ் என இந்நாளில் பலவாறு எழுதப்படுவன யாவும், ஈரானிற் சாசானிய அரசர் ஆண்ட காலத்துப் பகலவி மொழியில் வழங்கிய ‘பேரோஸ்’ என்னும் சொல்லின் வேறு வேறு வடிவங்களே. வெற்றியுடையோன் என்பது அதன் பொருள். அச்சொல் இரண்டு உறுப்புக்களால் ஆயது. சூழ்தலையும் மேற்படுதலையும் உணர்த்தும் ‘பரி’ என்பது ஒன்று. வலிமையை உணர்த்தும் ‘அவொஜஹ்’ என்பது மற்றொன்று. இவ்விரண்டாவது உறுப்பு வடமொழியாளர் ‘ஓஜஸ்’ எனக் கூறும் சொல்லின் உடன்பிறப்பாகும். முதலுறுப்பாகிய ‘பரி’ வடமொழியிலும் அவ்வாறே உள்ளது. வேதமொழியும் பழைய ஈரானிய மொழியும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் ஆதலின் இவ்வொற்றுமை நேர்ந்தது. ‘பரி’, ‘அவொஜஹ்’ என்பன காலப்போக்கிற் குறுகி இயைந்து ‘பேரோஸ்’ ஆயின.

அரபியர் ஏழாம் நூற்றாண்டில் ஈரானை வென்றபோது அந்நாட்டுப் பெயர்கள் பலவும் அரபு எழுத்தில் எழுதப்படலாயின. அரபு மொழியிற் பகர ஒலி இல்லை. அதனால் பேரோஸின் முதலொலி இதழும் பல்லும் இயைந்து பிறக்கும் ஃபகரமாக மாறியது. அவ்வடிவமே இசுலாமிய உலகெங்கும் பரவிற்று. பின்னர் அப்பெயர் தமிழ் பேசும் முஸ்லிம்களிடம் வந்து சேர்ந்தபோது, அந்த ஒலிக்குத் தமிழ் நெடுங்கணக்கில் தனியெழுத்தில்லாமையால் அது பகரத்தால் எழுதப்பட்டது. வடசொல்லை வடவெழுத்தை நீக்கித் தமிழெழுத்தால் எழுதுக எனத் தொல்காப்பியர் வகுத்த நெறியும் இத்தகையதே. இவ்வாறு, அரபு நாட்டில் இழந்த தன் முதலெழுத்தை அப்பெயர் தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் மீளப் பெற்றது.

இவ்விடத்து ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. ‘ஈரானியரின் பகரத்தைத் தமிழர் நேரே கேட்டன்றோ இவ்வாறு எழுதினர்? ஆகவே இப்பெயர் அரபியர் வழியாக அன்றி ஈரானிலிருந்து நேரே வந்தது’ என ஒருவர் வாதிப்பாராயின், அவ்வாதம் கேட்பதற்கு அழகியதாகவே இருக்கும். ஆயினும் அது பொருந்தாது. அதே தமிழ் எழுத்துமுறை, ஃபகர ஒலியை உடைய தூய அரபுப் பெயர்களையும் ‘பாத்திமா’, ‘பாரூக்’ எனப் பகரமாக்கியே எழுதுகின்றது. எனவே பைரூஸின் பகரம் எழுத்து முறையால் நேர்ந்ததேயன்றி வரலாற்றுத் தொடர்பால் நேர்ந்ததன்று. இன்னும், ‘பேரோஸ்’ என்பது ‘பேரோசை’ என்னும் தமிழ்ச் சொல்லின் திரிபு என ஒருவர் எழுதினால், ஒலியளவில் அவரை மறுத்தல் எளிதன்று. ஆனால் அம்முடிவு முற்றும் பொய். அதற்கு மாறாக, ‘பேரோஸ்’ என்பதன் ஈற்றுப் பகுதியும் ‘ஓஜஸ்’ என்பதும் ஓரினம் என்பதைக் காது எளிதில் அறியாது. ஒலிமாற்ற நெறிகளை வரிசைப்படுத்திக் காட்டிய பின்னரே அது தெளிவாகும். காதுக்குப் புலனாகும் ஒற்றுமை பொய்யாகவும், காதுக்கு எளிதிற் புலனாகாத ஒற்றுமை மெய்யாகவும் இருத்தல் கூடும் என்பதே இதனாற் பெறப்படும் முதற்பாடம்.

முடிசூடிய பேரோஸர்

இப்பெயர் முதலில் ஓர் அடைமொழியாகவும் வாழ்த்தாகவும் வழங்கியது. சாசானியப் பேரரசன் முதலாம் சாப்பூர் கி. பி. 244-இல் உரோமப் பேரரசன் கோர்டியனோடு பொருத போர்க்களம் மிசிக்கே என்பது. அங்கு வெற்றி பெற்றதாகக் கூறும் சாப்பூர், அவ்வூருக்குப் ‘பேரோஸ்-சாப்பூர்’, அதாவது ‘வெற்றியுடையோன் சாப்பூர்’ எனப் பெயரிட்டான். இச்செய்தியை அவன் நக்ஷ்-இ-ருஸ்தத்தில் மும்மொழியில் வெட்டுவித்த கல்வெட்டே கூறுகின்றது. அதே நூற்றாண்டில் குசாணருடைய பழைய நாட்டை ஆண்ட சாசானியக் கிளையினருள்ளும் பேரோஸ் என்னும் பெயருடைய மன்னன் இருந்தமையை அவன் வெளியிட்ட காசுகள் காட்டுகின்றன. ஆகவே இப்பெயர் இந்தியாவின் வடமேற்கு வாயிலை மிகப் பழங்காலத்திலேயே அடைந்துவிட்டது.

பேரோஸ் என்னும் பெயரோடு ஈரானின் பேரரசுக் கட்டிலில் அமர்ந்தவன் கி. பி. 459 முதல் 484 வரை ஆண்ட மன்னன் ஆவான். வெற்றி என்னும் பெயரைத் தாங்கிய அவன் வாழ்க்கை தோல்விகளின் வரிசையாக அமைந்தது. அவன் ஆட்சியில் நாடு கொடிய வறட்சிக்கு உள்ளாயிற்று. கிழக்கெல்லையில் வெண்ஹூணர் எனப்படும் எப்தலித்தரோடு அவன் செய்த போர்களும் தோல்வியில் முடிந்தன. ஒருமுறை அவன் அவர்களிடம் சிறைப்பட்டான். விடுதலைக்காக முப்பது கோவேறு கழுதைச் சுமை வெள்ளிக் காசு தருவதாக உடன்பட்டு, அதனை முழுதும் திரட்ட இயலாமையால் தன் மகன் கவாதைப் பணயமாக வைத்தான் என்று சுரியானி மொழி வரலாற்று நூலொன்று கூறும். 484-இல் அவன் மீண்டும் படையெடுத்தான். எப்தலித்தர் அகழொன்றை வெட்டி மேலே மூடி மறைத்திருந்தனர் என்றும், துரத்திச் சென்ற ஈரானியப் படை அதனுள் வீழ்ந்தது என்றும், பேரோஸ் தன் காதில் அணிந்திருந்த ஒப்பற்ற முத்தினைப் பிறர் அணியலாகாது என எறிந்துவிட்டு மாண்டான் என்றும் புரோக்கோப்பியஸ் என்னும் கிரேக்க வரலாற்றாசிரியர் எழுதியுள்ளார். முத்தின் கதை கேள்வி வழியாக வந்ததாகலாம். தோல்வியும் இறப்பும் ஐயத்துக்கிடமற்றவை.

எனினும் அவன் பெயர் பொறித்த வெள்ளிக் காசுகள் அவனைவிட நெடிது வாழ்ந்தன. திறையாகவும் மீட்புப் பணமாகவும் எப்தலித்தர் கையிற் பெருந்தொகையாகச் சேர்ந்த அக்காசுகளைப் பார்த்து அவர்களும் காசு அடித்தனர். பின்னர் குஜராத்திலும் இராசபுதனத்திலும் வழங்கிய ‘கதியா’க் காசுகள் பேரோஸின் காசை முன்மாதிரியாகக் கொண்ட மரபிலேயே வந்தவை. நூற்றாண்டுகள் செல்லச் செல்ல அரசனின் முகம் சில கோடுகளாகவும் புள்ளிகளாகவும் சிதைந்தது. தீப்பீடம் அடையாளமற்றுப் போயிற்று. பன்னிரண்டாம் நூற்றாண்டளவில் அக்காசை எண்ணிக் கொடுத்த வணிகன் அதில் இருப்பது ஓர் ஈரானிய மன்னனின் முகம் என்பதை அறிந்திரான். வழங்குவோர் பொருளறியாமலே ஒரு வடிவம் எழுநூறு ஆண்டுகள் வழங்குதல் இயலும் என்பதற்கு இஃது ஒரு சான்று. பெயர்களின் நிலையும் இத்தகையதே.

சாசானிய மரபின் இறுதியில் இன்னொரு பேரோஸைக் காண்கின்றோம். கடைசிப் பேரரசனான மூன்றாம் யஸ்தகேர்து 651-இற் கொலையுண்ட பின்னர், அவன் மகன் பேரோஸ் சீனத்தின் தாங் மரபுப் பேரரசனிடம் உதவி வேண்டினான். 661-இற் சீனர் அவனை ஈரானின் கிழக்கெல்லையில் ஒரு நிருவாகப் பகுதிக்குத் தலைவனாக அமர்த்தினர். அந்நிலை நீடிக்கவில்லை. சீனத் தலைநகருக்குச் சென்று அடைக்கலம் புகுந்த அவன் நாடிழந்த அரசனாகவே வாழ்ந்து மறைந்தான். பெயரில் வெற்றி இருந்தது, அரசு இல்லை.

சமயம் மாறியும் மாறாத பெயர்

மேற்கூறிய அரசர்கள் சரத்துஸ்திர சமயத்தினர். ஈரான் இசுலாத்தைத் தழுவியபோது அப்பெயர் ஒழிந்துபோகவில்லை. அஃது ஒரு தெய்வத்தின் பெயரன்று. வழிபாட்டைச் சுட்டுவதும் அன்று. வெற்றி என்னும் பொதுப் பொருளைத் தந்தமையால் அதனைக் கைவிட வேண்டிய தேவை எழவில்லை. இசுலாத்தின் தொடக்கக் காலத்திலேயே அப்பெயருடைய இருவர் வரலாற்றில் இடம்பெற்றனர். ஏமன் நாட்டில் நபியென்று தன்னைக் கூறிக்கொண்டு கிளர்ந்த அல்-அஸ்வத் என்பவனை 632-இல் வீழ்த்தியவர்களுள் ஒருவர் பைரூஸ் அத்-தைலமி. அவர் முஸ்லிம்களின் மதிப்புக்குரியவர். 644-இல் கலீபா உமரைக் குத்திக் கொன்ற ஈரானிய அடிமையின் பெயரும் பைரூஸ். காத்தவர் பெயரும் கொன்றவன் பெயரும் ஒன்றே. பின்வந்த முஸ்லிம்கள் இரண்டாமவனின் செயலை வெறுத்தனர், பெயரை வெறுத்திலர். பெயர் வேறு, பெயருடையான் வேறு என்னும் தெளிவு அவர்களிடம் இருந்தமையை இது காட்டும்.

பத்தாம் நூற்றாண்டில் பாரசு நாட்டை ஆண்ட அதுதுத்தவ்லா என்னும் புவைகி மன்னன், தான் விரும்பித் தங்கிய ‘கூர்’ என்னும் நகரின் பெயர் பாரசீக மொழியிற் கல்லறையையும் குறித்தலால், அதனை மாற்றிப் ‘பேரோஸாபாத்’ எனப் பெயரிட்டான் என்பர். அந்நகர் இன்றும் பிரூஸாபாத் எனவே வழங்குகின்றது. நீலப்பச்சை நிறமுடைய பிரோசாக் கல்லும் இச்சொல்லினின்றே பெயர் பெற்றது.

தூணும் பெயரும்

இந்தியாவில் இப்பெயர் தாங்கிய அரசருள் முதற்கண் எண்ணப்படுபவர் இருவர். 1290-இல் தில்லியில் கில்ஜி மரபை நிறுவிய ஜலாலுத்தீன் பிரூஸ், 1296-இல் தன் உடன்பிறந்தான் மகனும் மருமகனுமாகிய அலாவுத்தீனின் சூழ்ச்சியாற் கொலையுண்டான். 1351 முதல் 1388 வரை ஆண்ட பிரூஸ் ஷா துக்ளக், போர்க்களத்திற் பெற்ற புகழினும் கால்வாய்களாலும் கட்டடங்களாலும் பெற்ற புகழே பெரிது. அவன் செய்த செயலொன்று பெயராராய்ச்சிக்கு மிக இன்றியமையாதது.

தோப்ரா என்னும் ஊரிலும் மீரத்திலும் நின்ற பழைய கற்றூண்கள் இரண்டினை அவன் தில்லிக்குக் கொணர்ந்தான். தோப்ராத் தூணைச் சாய்த்தற்கு முன் இலவம் பஞ்சை நிலத்திற் குவித்தமையும், 42 சக்கரங்கள் பூட்டிய வண்டியில் ஏற்றியமையும், யமுனையாற்றில் ஓடங்களில் மிதக்கவிட்டமையும் அக்கால வரலாற்றாசிரியர் ஷம்ஸி ஸிராஜ் அபீபு விரித்துரைத்துள்ளார். தூணிற் பொறித்திருந்த எழுத்தை வாசிக்க அந்தணர் பலர் அழைக்கப்பட்டனர், எவராலும் இயலவில்லை. ஆயினும், ‘பிரூஸ் என்னும் பெயருடைய அரசன் தோன்றும்வரை இத்தூணை எவரும் அசைக்க இயலாது என்று இதில் எழுதியிருக்கின்றது’ எனச் சிலர் கூறினராம். அறியாத எழுத்தில் அரசனின் பெயரைக் கண்டு கூறிய இவர்களே, விரும்பிய பெயரை விரும்பிய இடத்திற் காணும் ஆராய்ச்சியாளருக்கு முன்னோர் ஆவர்.

அவ்வெழுத்து 1837-இல் ஜேம்ஸ் பிரின்செப்பினால் வாசிக்கப்பட்டது. தூணிற் கூறப்பட்ட மன்னன் பெயர் ‘தேவானாம்பிய பியதசி’ என்பது. அவன் யார்? பிரின்செப்பும் முதலில் ஒலியொற்றுமையில் மயங்கினார். இலங்கையில் ‘தேவநம்பிய தீசன்’ என்றொரு மன்னன் இருந்தமையால், பியதசி அவனே எனக் கருதினார். அம்மயக்கத்தைத் தீர்த்தவர் இலங்கை அரசாங்க சேவையிலிருந்து பாளி நூல்களை ஆராய்ந்த ஜோர்ஜ் டர்னர். பியதசி என்பவன் சந்திரகுப்தனின் பேரன், அசோகனே அவன், என்பதைத் தீபவம்சத்திலிருந்து அவர் எடுத்துக் காட்டினார். 1915-இல் மஸ்கி என்னுமிடத்திற் கண்டெடுக்கப்பட்ட கல்வெட்டில் அசோகன் என்னும் பெயரே வெளிப்படையாகக் காணப்பட்டு அம்முடிவை உறுதி செய்தது. இலங்கையிற் பேணப்பட்ட பாளி நூல் தில்லித் தூணின் புதிரை அவிழ்த்தது. அப்பாளி மரபு முதன்முதல் ஏட்டில் எழுதப்பட்ட இடமாகக் கருதப்படும் அலு விகாரையும், அலவத்துகொடவை ஊடறுத்துச் செல்லும் அதே வீதியில், மாத்தளைக்கு அண்மையிலேயே உள்ளது.

ஒரே தூணைப் பற்றி மூவகை விடைகள் கூறப்பட்டமை நோக்கத்தக்கது. முதல் விடை அரசனை மகிழ்வித்தற்குக் கூறப்பட்டது. இரண்டாம் விடை நேர்மையானது. ஆனால் ஒலியொற்றுமையை மட்டும் நம்பியது. மூன்றாவது விடை பெயரோடு மரபுவழியையும் காலத்தையும் ஒப்புநோக்கியது. மூன்றாவதே நிலைத்தது.

வெற்றி நகரும் வெற்றி மன்னனும்

தக்காணத்தில் 1397 முதல் 1422 வரை ஆண்ட பாமினி மன்னன் பிரூஸ் ஷா, வீமாநதிக் கரையில் தன் பெயரால் பிரூஸாபாத் என ஒரு நகர் அமைத்தவன். பலமொழிப் புலமையுடையவன் எனப் பெயர் பெற்றவன். விசயநகரத்தோடு அவன் முதலிற் செய்த போர்களில் மேலோங்கி நின்றான். இறுதியிற் பாங்கல் என்னுமிடத்திற் பெருந்தோல்வியுற்றுத் தளர்ந்து, 1422-இல் அரசைத் தம்பி அகமதிடம் விட்டான். விசயநகரம் என்பதும் வெற்றி நகரம் என்றே பொருள்படும். வெற்றி என்னும் பெயருடைய நகரும் வெற்றி என்னும் பெயருடைய மன்னனும் எதிர்நின்று பொருத அப்போரில், இரு திறத்தாரும் தத்தம் மொழியில் வேண்டியது ஒன்றே.

மேற்கிந்தியாவிற் குடியேறித் தம் பழைய சமயத்தைக் காத்துவரும் பார்சிகளிடம் அதே பெயர் வேறொரு வழியில் நிலைபெற்றது. 1890-இற் கல்கத்தாவிற் கூடிய இந்திய தேசிய காங்கிரசுக்குத் தலைமை தாங்கிய சேர் பெரோஸ் ஷா மேத்தா (1845–1915) பார்சி வகுப்பினர். ஈரானியப் பெயரோடு அரசர்க்குரிய ‘ஷா’ என்னும் சொல்லும் அவர் பெயரில் இயைந்திருந்தது. இருந்தும் அவர் அரசர் அல்லர். பம்பாய் நகராட்சியின் வளர்ச்சிக்கு உழைத்த வழக்கறிஞர். எனவே, பேரோஸ் என்னும் பெயரைக் கேட்டமாத்திரத்தே ‘இவர் முஸ்லிம்’ எனத் துணிவோர் மேத்தாவிடத்திற் பிழைபடுவர். ‘இவர் சரத்துஸ்திரர்’ எனத் துணிவோர் துக்ளக்கிடத்திற் பிழைபடுவர்.

பெயரொற்றுமையின் எல்லை

ஈரானியப் பெயர் பற்றிய மயக்கம் தமிழக வரலாற்றையும் தொட்டதுண்டு. காஞ்சியை ஆண்ட பல்லவரின் பெயரும், ஈரானியரான பகலவரின் பெயரும் ஒலியால் நெருங்கியிருத்தலை நோக்கி, பல்லவர் பகலவர் வழியினர் என வெங்கையா முதலிய அறிஞர் கருதினர். யாழ்ப்பாணத்து முதலியார் செ. இராசநாயகம் அதனை ஏற்காது, மணிபல்லவத்தோடும் நாகர் குலத்தோடும் பல்லவரைத் தொடர்புபடுத்தினார். இருவேறு முடிவுகளுக்கும் பெயரொற்றுமையே பெரிய தூணாக அமைந்தது. துட்டகைமுனு மன்னன் மகாதூபிக்கு அடிக்கல் நாட்டியபோது ‘பல்லவபோக்கம்’ என்னும் நாட்டிலிருந்து தேரர் வந்தனர் என்னும் மகாவம்சச் செய்தியும் இவ்வாறே ஒருசாராரால் ஈரானியர் நாட்டுக்கு உரித்தாக்கப்பட்டது. ஒரே ஒலியை வைத்துக்கொண்டு ஒருவர் ஈரானுக்கும் மற்றவர் யாழ்ப்பாணக் கடலுக்கும் செல்லக்கூடுமாயின், அவ்வொலி தனித்து நின்று எதனையும் நிறுவவில்லை என்பதே பொருள். பல்லவருடைய பழைய பட்டயங்கள் தம்மைப் பாரத்துவாச கோத்திரத்தினர் எனக் கூறுகின்றன. ஈரான் பற்றிய நினைவு அவற்றில் இல்லை.

பெயர்க்கும் குலத்துக்கும் உள்ள உறவு எத்துணை நெகிழ்ந்தது என்பதை ஜூனாகத்துக் கல்வெட்டொன்று ஐயந்திரிபறக் காட்டுகின்றது. உருத்திரதாமன் என்னும் சகமன்னன் கி. பி. 150-ஐ ஒட்டி வெட்டுவித்த அக்கல்வெட்டு, சுதர்சனம் என்னும் ஏரியின் வரலாற்றைக் கூறுவது. அசோகனுக்காக அவ்வேரிக்குக் கால்வாய் அமைத்தவன் துஷாஸ்பன் என்னும் யவன அரசன் என அது மொழிகின்றது. ‘அஸ்ப’ என்பது ஈரானிய மொழியிற் குதிரையைக் குறிக்கும் சொல். யவனன் எனப்பட்டவன் ஈரானியப் பெயரோடு விளங்கினான். அதே ஏரியின் உடைந்த கரையை உருத்திரதாமனுக்காகத் திருத்தியவன் குலைபன் மகன் சுவிசாகன் என்னும் பகலவன். பகலவனாகிய அவன் பெயரோ தூய வடமொழி. இவ்விரு செய்திகளும் அக்கல்வெட்டில் இல்லாதிருந்தால், பெயரை மட்டும் நோக்கும் ஆராய்ச்சியாளர் துஷாஸ்பனை ஈரானியன் எனவும் சுவிசாகனை இந்தியன் எனவும் துணிந்து எழுதியிருப்பர். இரண்டும் கல்வெட்டின் கூற்றுக்கு மாறாகவே முடிந்திருக்கும்.

ஈழத்தில் இப்பெயர்

ஈழத்துக்கும் ஈரானுக்கும் தொடர்பே இல்லை என்பது இதன் கருத்தன்று. ஆறாம் நூற்றாண்டில் எழுதிய கொஸ்மஸ் என்னும் கிரேக்கர், தப்ரபேன் எனப்பட்ட இவ்விலங்கையிற் பாரசீகக் கிறித்தவர் வாழ்ந்தமையையும், பாரசீகத்திலிருந்து கப்பல்கள் வந்தமையையும் குறித்துள்ளார். அநுராதபுரத்தில் 1912-இற் கிடைத்த கற்சிலுவை அச்செய்தியோடு இயைத்து நோக்கப்படுகின்றது. இவை வணிகத் தொடர்புக்கு நல்ல சான்றுகள். ஆனால் அலவத்துகொடவில் இன்று ஒரு சிறுவனுக்குப் பைரூஸ் எனப் பெயரிடுதற்கும், அக்காலத்துப் பாரசீக மாலுமிகளுக்கும் தொடர்பு கற்பித்தல் ஆகாது. இடையில் ஆயிரத்து நானூறு ஆண்டுகள் உள்ளன. அவ்விடைவெளியில் இப்பெயர் இசுலாமியப் பொதுப்பெயர்களுள் ஒன்றாகிவிட்டது. பாரசீகமும் இந்திய அரசவைகளின் மொழியாகித் தமிழுக்குள்ளும் சொற்களைத் தந்தது. பஜார், தர்பார், சர்க்கார் என்பன பாரசீகச் சொற்கள். பஜாருக்குப் போகின்ற தமிழனைப் பாரசீகன் என எவரும் கூறுவதில்லை. பைரூஸ் என்பவனை மட்டும் பெயர்கொண்டு அயலான் எனக் கொள்ளுதற்கு நியாயம் யாது?

இலங்கை முஸ்லிம்களின் தோற்றம் பற்றிய வாதம் பழையது. 1888-இற் பொன்னம்பலம் இராமநாதன் அவர்கள் அச்சமூகத்தார் இனத்தால் தமிழரே என எழுதினார். 1907-இல் ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் அவர்கள் அதனை மறுத்து நூல் வெளியிட்டார். அவ்வாதத்தில் அரசியலும் கலந்திருந்தது. அதன் தீர்ப்பு எதுவாயினும், தனிமனிதர் பெயர் அதற்குச் சான்றாக நிற்க வல்லதன்று. ஈரானியப் பெயரைத் தாங்கியோர் ஈரானியர் அல்லர். அரபுப் பெயரைத் தாங்கியோர் யாவரும் அரபியர் ஆதலும் இல்லை. வடமொழிப் பெயரைத் தாங்கும் தமிழர் எத்தனை பேர் என எண்ணிப் பார்ப்பார்க்கு இது விளங்காமற் போகாது. பெயர் காட்டுவது தொடர்பை; குருதியை அன்று.

நன்னூலார் பெயர்களை இடுகுறிப் பெயர், காரணப் பெயர் என வகுத்தார். மக்கட்பெயர் இவ்விரண்டற்கும் இடைப்பட்டது போலும். இடும்போது பெற்றோர் உள்ளத்தில் ஒரு காரணம் இருக்கின்றது. வழங்கும்போது அது வெறும் குறியாகிவிடுகின்றது. பேரோஸ் மன்னன் வென்றிலன்; சீனத்தில் மறைந்த இளவரசன் வென்றிலன்; பாமினி மன்னன் இறுதியில் வென்றிலன். இருந்தும் அப்பெயரை இடுவார் குறையவில்லை. பெயர் முன்னோன் ஒருவனின் வரலாற்றை உரைப்பதன்று. பிறந்த பிள்ளைக்குத் தாய்தந்தையர் விழைந்த நன்மையை உரைப்பது. அதனாலேயே பெயருடையார் தோற்றபோதும் பெயர் தோற்றிலது.

1626-இல் போர்த்துக்கேயரால் கரையோரத்திலிருந்து துரத்தப்பட்ட முஸ்லிம்களுக்குக் கண்டியரசன் செனரத் தன் நாட்டில் இடமளித்தான். வந்தவர்களின் பெயர்களை ஆராய்ந்து அவன் வாயிலை அடைத்திலன். அதே கண்டிச் சீமையில், 2018-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் திகன தொடங்கிப் பல ஊர்களில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. நாட்டில் அவசரகால நிலை பிரகடனம் செய்யப்பட்டது. 1983-இல் தமிழர் பட்ட துன்பத்தையும் இந்நாடு அறியும். பெயர்ப்பலகையிலும் அடையாள அட்டையிலும் உள்ள பெயரை வாசித்து ஒருவன் பகைவனா அயலவனா எனத் தீர்க்கும் மனம், தூணிற் பிரூஸின் பெயரைக் கண்டதாகச் சொன்ன அந்தணரின் மனத்தினின்றும் பெரிதும் வேறுபட்டதன்று. இருவரும் எழுத்தை வாசித்திலர். தாம் முன்பே கொண்ட எண்ணத்தையே வாசித்தனர்.

கடைத்தெருவிற் கேட்ட மூன்று பெயர்களையும் மீண்டும் நோக்குதல் தகும். விஜய என்பது வெற்றி. வெற்றிவேல் என்பதன் முதற்சொல்லும் வெற்றி. பைரூஸ் என்பதும் வெற்றி. ஒருவர் பாளி, வடமொழி மரபினின்றும், ஒருவர் தண்டமிழினின்றும், ஒருவர் ஈரானில் தோன்றி அரேபியாவைக் கடந்துவந்த சொல்லினின்றும் தத்தம் பிள்ளைக்குப் பெயர் தேர்ந்தனர். மூன்று வீட்டிலும் தொட்டிலருகே நின்று விழைந்தது ஒன்றே. இவ்வொற்றுமை, ஒலியைக் கேட்டு மயங்குவார்க்குப் புலனாகாது. பொருளை ஆராய்வார்க்கே புலனாகும். பெயராராய்ச்சி என்னும் கலை, மக்களைப் பிரித்து எண்ணுதற்குரிய கருவியன்று, அவர்கள் ஒருவரையொருவர் அறிதற்குரிய வாயில் என்பது இதனாற் பெறப்படும்.